பழைய வேலியைப் பிடுங்கிப் புதிது போடுவது: கொழும்பு வீட்டுக்காரருக்கு ஒரு வழிகாட்டி

வேலி மாற்ற வேண்டும் என்று முடிவெடுத்ததும் எல்லாரும் முதலில் போவது ஹாட்வெயார் கடைக்கு. வலை என்ன விலை, தூண் என்ன விலை என்று விசாரித்து, யாராவது சொன்ன பாஸ் ஒருவரைப் பிடித்து, வருகிற சனிக்கிழமையே பழையதைப் பிடுங்கியும் விடுவார்கள். கரைச்சல் அதற்கு அப்புறம்தான். பழைய வேலி நின்ற இடம் இப்போது வெறும் மண், பக்கத்து வீட்டுக்காரர் வந்து "இது இன்னும் அங்கால அல்லோ இருந்தது" என்பார், நீங்கள் இல்லை என்பீர்கள், பாஸ் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு வெற்றிலை போடுவார், நாட்கூலி ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கடைக்குப் போவதை நாலாவது ஐந்தாவது வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். வேலியில் கண்ணுக்குத் தெரியாத இரண்டு விஷயம் சரியாக இருந்தால் மிச்சம் எல்லாம் சுலபம்: கோடு எங்கே போகிறது என்பதும், தூணின் அடி மண்ணுக்குள் எப்படி நிற்கிறது என்பதும்.

முதலில் உறுதி, பிளான்

காணி உறுதியையும் அதோடு இருக்கிற நில அளவைப் பிளானையும் வெளியே எடுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் நீளம், அந்தப் பக்கத்தின் எல்லை வேலியா மதிலா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். ஒரு நீளமான டேப்பைப் பிடித்து இப்போது நிற்கிற வேலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துப் போனால் நிம்மதி. ஒத்துப் போகாவிட்டால், அல்லது எல்லைக்கல்லே காணாவிட்டால், அனுமதி பெற்ற சேர்வேயர் ஒருவரைக் கூப்பிட்டு, அயலவரும் நிற்கும்போது முளை அடித்துக் கோட்டைக் காட்டச் சொல்லுங்கள். அதற்குக் காசு போகிறதே என்று யோசிப்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு: ஒரு பேர்ச் என்பது 272.25 சதுர அடி. 60 அடி நீளப் பக்கத்தில் வேலி அரை அடி உள்ளே தள்ளிப் போனால் 30 சதுர அடி போய்விடும், அதாவது ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு பேர்ச். வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு பேர்ச் என்ன விலை போகிறது என்பது உங்களுக்கே தெரியும், அந்தப் பக்கத்தில் சேர்வேயருக்குக் கொடுக்கிற காசு ஒரு பொருட்டே இல்லை.

பழைய வேலி பிளானில் உள்ள கோட்டில் இல்லை என்று தெரிந்தால் உடனே "எங்கட காணிதானே" என்று பிடுங்கித் தள்ளிப் போட வேண்டாம். இன்னும் நடைமுறையில் இருக்கிற 1871ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி, பத்து வருடம் இடைவிடாமல், யாருடைய அனுமதியிலும் தங்காமல், தன்னுடையது என்று ஒரு துண்டை ஆண்டு வந்தவர் நீதிமன்றத்தில் அதற்கு உரித்துக் கேட்கலாம். முப்பது வருடமாக அந்த இடத்தில் நிற்கிற வேலியை ஒரே காலையில் நீங்கள் நகர்த்தினால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பொலிஸில் போய் நிற்கப் போவது நீங்களாகத்தான் இருக்கும். இப்படி இருந்தால் முதலில் சட்டத்தரணி ஒருவரோடு கதையுங்கள். சண்டை முற்றவில்லை என்றால் மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது, செலவும் குறைவு, ஊரறிந்த ஆட்கள் நடுவில் இருந்து கதைத்து இணக்கம் காண வழி பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டோடு கதைப்பது

கோடு தெரிந்ததும் அடுத்தது இதுதான். வேலை தொடங்குகிற அன்று காலையில் அல்ல, இரண்டு மூன்று கிழமை முன்னதாகப் போங்கள். வாசலில் நின்று நீட்டி முழக்கத் தேவையில்லை: "அன்ரி, இந்த வேலி விழப் பாக்குது, அடுத்த மாசம் மாத்தலாம் எண்டு இருக்கிறம். அதே இடத்திலதான். உங்கட பக்கம் பூச்செடி ஏதும் இருந்தா சொல்லுங்கோ, கவனமா வேலை செய்யச் சொல்லுறன்." இவ்வளவு போதும். அதே இடத்தில்தான் என்ற அந்த ஒரு வசனம் பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். சிங்களக் குடும்பம் என்றால் உங்கள் சிங்களம் எவ்வளவு உடைந்திருந்தாலும் நீங்களே போய்ச் சொல்வது நல்லது, பாஸிடம் சொல்லி அனுப்பினால் அது வேறு விதமாகத்தான் போய்ச் சேரும்.

செலவைப் பாதிப் பாதி போடுவதா என்பதும் இப்போதே தீர்ந்துவிட வேண்டும். பங்கு போட்டால் வேலியைக் கோட்டின் மேல் போடலாம். முழுச் செலவும் உங்களுடையது என்றால் தூணும் அதன் கொங்கிறீட்டும் முழுதாக உங்கள் பக்கத்துக்குள் நிற்கட்டும். எதுவானாலும் ஒரு கடதாசியில் எழுதி, திகதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். பழைய வேலி நிற்கும்போதே இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், டேப்பை விரித்துப் பிடித்தபடி எடுத்தால் இன்னும் நல்லது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதம் எழுத்தில் வேண்டும், வாய்ப்பேச்சு காணாது.

சபையும் மரமும்

பின்பக்கமோ பக்கத்துப் பக்கமோ வெறும் கம்பி வலை என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ரோட்டுப் பக்கம் அப்படி இல்லை. வீதியை அகலிக்க ஒதுக்கிய கோடு உங்கள் காணிக்குள்ளால் போகலாம், அதற்கு வெளியே நீங்கள் கட்டுகிற மதில் பிறகு உடைபடும். மதில் கட்டுவதாக இருந்தால், அதுவும் ரோட்டுப் பக்கம் என்றால், கொழும்பு மாநகர சபையோ தெஹிவளை–கல்கிசை மாநகர சபையோ, உங்கள் பகுதி எதற்குள் வருகிறதோ அங்கே போய்க் கேட்டு அனுமதி எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்.

எல்லையில் மரம் நின்றால் அது என்ன மரம் என்று பாருங்கள். பலாவையும் ஈரப்பலாவையும் நினைத்தபடி தறிக்க முடியாது, 1951ஆம் ஆண்டின் சட்டப்படி அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். கிராம சேவகரிடம் கேட்டால் எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்வார். என்னைக் கேட்டால் மரத்தை விட்டுவிட்டு அதற்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தூண் போட்டு முடிப்பதுதான் புத்தி. மரத்தில் ஆணி அடித்து வலையைக் கட்டுவது வேண்டாம், மரம் தடிக்கத் தடிக்கக் கம்பி உள்ளே போய்விடும்.

எப்போது செய்வது

ஜனவரி முதல் மார்ச் வரை கொழும்பில் மழை குறைவு, அதுதான் வேலிக்குக் காலம். ஒக்டோபர், நவம்பரில் குழி தோண்டினால் பின்னேரம் அதில் மீன் வளர்க்கலாம். சித்திரை வருடப் பிறப்புக்கு முன் இரண்டு கிழமைக்குள் வேலையைத் தொடங்கவும் வேண்டாம், ஆட்கள் ஊருக்குப் போனால் எப்போது திரும்பி வருவார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, உங்கள் வீடு அதுவரை திறந்து கிடக்கும்.

எதைப் போடுவது

ஊரில் கதியால் நட்டுக் கிடுகு அடைத்த வேலிக்குள் வளர்ந்த ஆட்களுக்கு இதெல்லாம் வேலியா என்றுதான் தோன்றும், ஆனால் எட்டுப் பேர்ச் காணியில் கிளுவைக்கும் பூவரசுக்கும் இடம் கொடுக்க முடியாது. இங்கே நடைமுறையில் இருப்பவை நாலு.

கொங்கிறீட் தூணும் பிளாஸ்ரிக் பூசிய கம்பி வலையும். புதிதாகச் செய்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். காற்றுப் போகும், வெள்ளம் போகும், பிழைத்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றலாம். வலை வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பிளாஸ்ரிக் பூச்சு தடிப்பாக இருக்கும், உள்ளே கம்பி நூல் போல இருக்கும். வெட்டிய நுனியைப் பார்த்து உள்கம்பியை அளந்து வாங்குங்கள். கேஜ் எண் குறையக் குறையக் கம்பி தடிப்பு, கடைக்காரர் பெரிய எண்ணைப் பெரிதாகச் சொன்னால் மயங்க வேண்டாம்.

அமானோ தகரம். மறைப்பு வேண்டும் என்பவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். காற்றைத் தடுப்பதால் தூண் நெருக்கமாகவும் ஆழமாகவும் வேண்டும். தகரத்தைக் கிரைண்டரால் வெட்டினால் வெட்டிய ஓரத்தில் பூச்சு கருகி அங்கிருந்தே துரு தொடங்கும், தகரம் வெட்டுகிற கத்தரிக்கோலால் வெட்டச் சொல்லுங்கள். அடி மண்ணில் முட்டக் கூடாது.

தூணுக்கு நடுவில் கொங்கிறீட் பலகையை இறக்குகிற ரெடிமேட் மதிலும் கல்லு மதிலும் மிச்சம் இரண்டு. இரண்டுக்கும் அத்திவாரம் தெரிந்த ஆள் தேவை, இந்தக் கட்டுரைக்குள் அடங்காது. ஒன்று மட்டும் சொல்கிறேன். கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் போல 2016 மே மாதத்தில் தண்ணீர் நின்ற தாழ்ந்த இடங்களில் முழு மதில் கட்டுகிறவர்கள் தண்ணீர் போக ஓட்டை விட வேண்டும். ஒரு பக்கம் தேங்குகிற தண்ணீரின் பாரம் முழுவதும் அந்த மதிலில்தான் விழும். இரண்டு காணியும் ஒரே உயரத்தில் இல்லை, மண்ணையும் அது தாங்க வேண்டும் என்றால் பொறியியலாளர் ஒருவரிடம் போங்கள்.

கடலோரம் இருப்பவர்களுக்கு: மெரின் டிரைவ் பக்கம் உப்புக் காற்றில் முதலில் போவது வலை அல்ல, வலையைத் தூணில் கட்டுகிற மெல்லிய கட்டுக்கம்பி. பிளாஸ்ரிக் பூசிய வலை வாங்கி அதைச் சாதாரணக் கட்டுக்கம்பியால் கட்டினால் இரண்டு மழைக்காலத்தில் வலை தொங்கும். கட்டுக்கம்பியும் பூச்சுப் பூசியதாகவே வாங்குங்கள். தூண் வாங்கும்போது நுனியில் உள்ளிரும்பு வெளியே தெரிகிறதா, உடம்பில் மயிர்வெடிப்பு இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பாருங்கள், அப்படி இருந்தால் உப்பு உள்ளே போய் இரும்பு வீங்கித் தூணை வெடிக்க வைக்கும். மொத்தமாக வாங்குவதானால் பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி இறங்குங்கள், லொறிக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

எவ்வளவு வாங்குவது

அறுபது அடிப் பக்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தூணுக்குத் தூண் எட்டடிக்கு மேல் போகாமல் வைத்தால் எட்டு இடைவெளி, ஒவ்வொன்றும் ஏழரை அடி, தூண் ஒன்பது. இடைவெளியை விடத் தூண் ஒன்று கூட என்பதை மறந்து எட்டுத் தூணோடு வந்து நிற்கிறவர்கள் நிறையப் பேர். ஆறடி உயர வேலிக்கு எட்டடித் தூண், இரண்டடி மண்ணுக்குள். குழி ஓரடிக்கு ஓரடி, இரண்டடி ஆழம் என்றால் ஒன்பது குழிக்கு 18 கன அடி, தூண் பிடிக்கிற இடத்தைக் கழித்தால் 16 சொச்சம். ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு சல்லி என்று கலந்தால் 50 கிலோ சீமெந்து மூன்று மூட்டை போதும், எதற்கும் நாலு வாங்குங்கள். மணலும் சல்லியும் கியூப் கணக்கில் விற்பார்கள், ஒரு கியூப் 100 கன அடி. உங்களுக்குத் தேவை மணல் எட்டு, சல்லி பதினாறு கன அடி அளவில்தான், ஆகவே கால் கியூப்புக்கும் குறைவு. முழு லோட் இறக்கினால் மிச்சம் மழையில் கானுக்குள் போகும்.

பிடுங்குவது

முழு வேலியையும் ஒரே நாளில் பிடுங்க வேண்டாம். அன்றைக்குத் திரும்ப அடைக்கக்கூடிய அளவு மட்டும். நாய் வளர்க்கிறவர்கள், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்றால் இது இன்னும் முக்கியம்.

பழைய வேலியடியில் இருபது வருடத்துச் சருகும் ஓட்டுத் துண்டும் போத்தலும் கிடக்கும். கையை விட வேண்டாம், முதலில் நீளத் தடியால் கிளறுங்கள், பாம்பும் குளவியும் அங்கேதான். தடித்த கையுறை, சப்பாத்து இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, பாஸ் சிலிப்பரோடு வருவார், ஒரு கையுறையையாவது நீங்கள் வாங்கிக் கொடுங்கள். துருப்பிடித்த முட்கம்பி கீறினால் ஏற்பூசி போட்டு எவ்வளவு காலம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாம்பு கடித்தால் 1990 அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், வேறு வைத்தியம் வேண்டாம்.

முட்கம்பி இழுத்துக் கட்டியதாக இருந்தால் நடுவில் வெட்டாதீர்கள், அது சுருண்டு முகத்துக்கு வரும். ஒரு பக்க நுனியில் ஒருவர் குறட்டால் பிடித்திருக்க மற்றவர் அந்த இடத்தில் வெட்டி மெதுவாகத் தளர்த்த வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றால் அடைத்த வேலி என்றால் உடைக்கவும் வேண்டாம், கிரைண்டர் வைக்கவும் வேண்டாம், தண்ணீர் தெளித்து நனைத்து, மாஸ்க் போட்டு, முழுச் சீற்றாகவே இறக்குங்கள். அந்தத் தூசு நெஞ்சுக்குள் போகிற சாமான்.

பழைய தூணின் கொங்கிறீட் அடியைக் கிளப்புவதற்கு அலவாங்கோடு அரைநாள் மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் தேவையே இல்லை. புதிய தூண்களைப் பழைய குழிகளுக்கு நடுவில் வருகிற மாதிரி தள்ளி வைத்தால் பழைய அடியை மண்ணுக்குக் கீழே அப்படியே விட்டுவிடலாம், புதிய குழிக்கும் இளகாத மண் கிடைக்கும். இரும்புச் சாமானைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுங்கள், ஒரு நேரத் தேநீர்ச் செலவாவது வரும்.

கோடு, குழி, தூண்

இங்கே நேரம் எடுங்கள். இரண்டு மூலையிலும் முளை அடித்து நைலோன் நூலை இறுக்கிக் கட்டுங்கள், நூல் எந்த இலையிலும் கல்லிலும் முட்டக் கூடாது. தோண்டுவதற்கு முன் தண்ணீர் மீற்றரிலிருந்து குழாய் எந்தப் பக்கம் போகிறது, வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எங்கே என்று பாருங்கள். எல்லையோரமாகத்தான் அவை ஓடும், அலவாங்கால் ஒரு குத்து, அன்று முழுக்கத் தண்ணீர் இல்லை.

மண்ணுக்கு மண் வேலை மாறும். நுகேகொடை, மஹரகமப் பக்கம் சிவந்த கபுக் மண், தோண்டக் கஷ்டம், ஆனால் இரண்டடி தாராளம். கரையோர மணலில் குழி சரிந்துகொண்டே இருக்கும், அடி வெட்டிய பழைய வாளியையோ பலகையையோ உள்ளே இறக்கித் தோண்டி, இரண்டரை அடியாவது போங்கள். நிரவிய சதுப்பு நிலம் என்றால் மூன்றடி.

முதலில் மூலைத் தூண் இரண்டு. வலையை இழுக்கும்போது முழு இழுவையும் இவற்றில்தான் வரும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் வேலி போகிற திசையில் சரிவாக ஒரு முட்டுத் தூண் கட்டாயம். கேற் தூணும் இந்தக் கணக்குத்தான், அதை இன்னும் தடிப்பாக, இன்னும் ஆழமாகப் போடுங்கள். காசு மிச்சம் பிடிக்கிறவர்கள் முதலில் வெட்டுவது இந்த முட்டுத் தூணைத்தான், ஆறு மாதத்தில் மூலைத் தூண் உள்ளே சாய்ந்து வலை தொய்ந்திருப்பதைக் கொழும்பில் ஒழுங்கைக்கு ஒழுங்கை பார்க்கலாம்.

குழியின் அடியில் ஒரு பிடி சல்லி போட்டு இடித்து, தூணை நிறுத்தி, மட்டப் பலகையைப் பக்கத்துக்குப் பக்கமாக இருக்கிற இரண்டு முகத்திலும் வைத்துப் பாருங்கள். ஒரு முகத்தில் மட்டும் பார்த்துவிட்டு "நேர்" என்பார் பாஸ், மற்ற முகத்தையும் வைக்கச் சொல்லுங்கள். கலவையை ஒரே பக்கமாகக் கொட்டினால் தூண் எதிர்ப்பக்கம் தள்ளுப்படும், சுற்றிச் சுற்றி அரைக் குழி வரைக்கும் போட்டு, இரும்புக் கம்பியால் குத்திக் காற்றை வெளியேற்றி, மறுபடி மட்டம் பார்த்து, அப்புறம் மிச்சத்தைப் போட வேண்டும். கலவை தண்ணீராக இருந்தால் ஊற்ற இலகு, பலம் இல்லை. மண்வெட்டியில் அள்ளினால் குவிந்து நிற்கிற பதம் சரி. மேல்பகுதியைத் தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்துவிட்டால் மழைத் தண்ணீர் தூணடியில் நிற்காது. பத்து நிமிடம் கழித்து இன்னொரு தரம் மட்டம் பாருங்கள், அதற்குள் ஏதாவது ஒன்று சாய்ந்திருக்கும்.

மூலைத் தூண்களின் உச்சியிலும் அடியிலும் நூல் கட்டி நடுத் தூண்களை அந்த இரண்டு நூலுக்கும் பிடியுங்கள். காணி சரிவு என்றால் நூலும் சரியட்டும், கண்ணுக்கு அதுதான் வடிவு.

அடுத்த நாளே வலை இழுக்க பாஸ் துடிப்பார், அவருக்கு அடுத்த வீட்டு வேலை இருக்கும். விடாதீர்கள். மூன்று நாளாவது, முடிந்தால் ஒரு கிழமை, சாக்கு நனைத்துப் போட்டுத் தூணடியை ஈரமாக வைத்திருங்கள். அந்த நாட்களில் இடைவெளியைப் பழைய தகரத்தால் சும்மா சாத்தி அடைத்து வைக்கலாம், தூணில் கட்டாமல்.

வலை இழுப்பது

மேலே, நடுவே, கீழே என்று மூன்று கம்பி முதலில் இழுத்துக் கட்ட வேண்டும், வலை அவற்றில்தான் தங்கும். வலையைச் சுருளோடு நிறுத்தி ஒரு மூலையிலிருந்து கட்டிக்கொண்டு போய், மற்ற மூலையில் இரும்புக் கம்பி ஒன்றை வலைக் கண்களுக்குள்ளால் கோர்த்து, அந்தக் கம்பியை இழுங்கள், வெறும் கையால் வலையைப் பிடித்து இழுத்தால் ஓரம் மட்டும்தான் வரும். விரலால் அழுத்திப் பார்க்கும்போது கொஞ்சம் உள்ளே போய்த் திரும்பினால் காணும். நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் விட்டுக் கட்டுங்கள். கட்டுக்கம்பியின் முறுக்கிய நுனி உங்கள் பக்கம் மடங்கட்டும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கையைக் கீறக் கூடாது.

மறைப்புக்காகப் பிறகு பச்சை வலை கட்டுகிற எண்ணம் இருந்தால் இப்போதே பாஸிடம் சொல்லிவிடுங்கள். அது பாய்மரம் போலக் காற்றைப் பிடிக்கும், அதற்குத் தூண் ஆறடிக்கு ஒன்று வேண்டும்.

இரும்புப் பெட்டிக் குழாய்த் தூண் போட்டவர்கள் உச்சியை மூடியே ஆக வேண்டும், மூடி இல்லாவிட்டால் சீமெந்தாலாவது. திறந்த குழாய்க்குள் நிற்கிற கையளவு தண்ணீர் டெங்கு நுளம்புக்குத் தாராளம், பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தால் 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தில் வழக்கும் வரும்.

கூலியைப் பற்றிக் கடைசியாக. பிடுங்குவதற்கு நாட்கூலியும், புதியது போடுவதற்குக் கொந்தராத்தும் பேசுங்கள். பிடுங்குகிற வேலையில் மண்ணுக்குள் என்ன இருக்கும் என்று யாருக்கும் தெரியாது, மற்றதில் அடிக்கணக்கு தெளிவு. கடைசித் தவணையில் ஒரு பங்கைப் பிடித்து வைத்து, வலை கட்டி ஒரு கிழமை கழித்து ஒவ்வொரு தூணையும் தோளால் ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்துவிட்டுக் கொடுங்கள். நல்ல பாஸ் இதற்குக் கோபிக்க மாட்டார், அவரே கூட வந்து தள்ளிக் காட்டுவார்.